எழுத்தில் ஒரு புள்ளி

திம்புள்ள மலைகளில் வைகாசி பிறந்துவிட்டால் மழைக்கு ஓய்வென்பதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்து அறைகளில் பகலிலும் இருள் கவிந்திருக்கும். 2020ஆம் ஆண்டின் அத்தகைய மழைநாள் ஒன்றில், கொரோனா நோய்க்கு அஞ்சி நாட்டிலுள்ள பாடசாலைகள் யாவும் பூட்டப்பட்டிருந்த வேளையில், மூதாட்டி ஒருவர் தம் பேத்தியைக் கையிற் பிடித்துக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தார். அவரது மற்றைக் கையில், நனையாதபடி பிளாஸ்டிக் உறையிற் சுற்றிய கைப்பேசி ஒன்று இருந்தது.

"சேர், இந்தப் புள்ளைக்கும் படிப்பு ஏற மாட்டேங்குது. இதோட அப்பனுக்கும் அப்படித்தான். நீங்கதான் அப்பவே சொன்னீங்களே" என்றார் அவர்.

குறைகூறும் எண்ணம் அவர் சொல்லில் இருக்கவில்லை. வைத்தியர் சொன்னதை நினைவுபடுத்துவது போலவே அவர் சொன்னார். ஆயினும் அச்சொல் நம் நெஞ்சிற் தைத்தது. அவ்வாண்டுதான் நாம் ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வுபெற்றிருந்தோம். முப்பத்தாறு ஆண்டுகாலச் சேவையில் நாம் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தோம் என்று பெருமை கொண்டிருந்தோம். இச்சிறுமியின் தந்தையோ, நாம் எழுத்தறிவியாமல் விட்டவர்களுள் ஒருவன்.

அது 1988ஆம் ஆண்டு. ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். புத்தகம் போதாமையால் நாமே மெழுகுத்தாளில் இரும்பெழுத்தாணியால் பாடங்களைக் கீறி, ரோனியோ இயந்திரத்திற் சுற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். காகிதத்தை மிச்சம் பிடிக்கவேண்டும் என்பதற்காக ஒரு தாளில் மூன்று பாடங்களை நெருக்கி எழுதுவோம். புள்ளியை அழுத்திக் குத்தினால் மெழுகு கிழிந்து மை ஊறிவிடும். மெல்லக் குத்தினாலோ தாளில் விழவே மாட்டாது. எட்டு வயதான அப்பையன் "கல்" என்பதைக் "கல" என்றும், "மண்" என்பதை "மண" என்றும் படித்தான். நாம் அவனை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினோம். மறுபடியும் அவ்வாறே படித்தான். அவன் தாயை அழைத்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று கூறினோம். பன்னிரண்டு வயதில் அவன் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போய்விட்டான். நாமும் அதனை மறந்துவிட்டோம்.

இப்பொழுது அவன் மகள் நம் முன்னே நிற்கின்றாள். கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். இரண்டாம் ஆண்டுப் பாடம் ஒன்று வாட்ஸப் மூலம் வந்திருந்தது. சமிக்ஞை கிடைக்கும் மேட்டுக்கு ஏறி, மழையில் நின்று, அதனை இறக்கிக் கொண்டுவந்திருக்கின்றனர். "படி, அம்மா" என்றோம். அவள் திரையைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு தடவித் தடவிப் படித்தாள். "கரடி" என்பது "காடி" ஆயிற்று. "மழை பெய்தது" என்பது "மழை பேய்தது" ஆயிற்று. மூன்றாம் வரியில் நின்றுவிட்டாள். பாட்டி நம்மைப் பார்த்தார். தந்தையைப் பற்றிச் சொன்ன அதே தீர்ப்பு மகளைப் பற்றியும் நம் நாவின் நுனிவரை வந்துவிட்டது என்பதை ஒளிப்பதற்கில்லை.

அவ்வேளையில் அச்சிறுமி, திரையை விட்டுக் கண்ணை எடுத்து, நம் சுவரிலே தொங்கிய நாட்காட்டியை நோக்கினாள். அட்டன் நகரத்துக் கடையொன்று புத்தாண்டுக்குக் கொடுத்த நாட்காட்டி அது. தானாகவே வாய்விட்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டி, "இரும்புப் பொருள் வணிகர்கள்" என்று படித்துவிட்டு, "வணிகர்னா யாரு, சேர்?" என்று கேட்டாள்.

வாசகர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். "வணிகர்" என்னும் சொல்லின் பொருள் அவளுக்குத் தெரியாது. ஆகவே ஊகித்துச் சொல்லியிருக்க முடியாது. அவ்வரியிலே நான்கு புள்ளிகளுக்கு மேல் உள்ளன, கொம்பும் காலும் சேர்ந்த "பொ" உள்ளது, ரகரம் உள்ளது. அத்தனையையும் பிழையின்றிப் படித்தவளுக்குக் கையிலுள்ள திரையில் "கரடி" ஏன் காடியாயிற்று?

நாம் அடிமட்டத்தை எடுத்து அளந்தோம். நாட்காட்டியின் எழுத்துப் பெருவிரல் நகத்தளவு இருந்தது. திரையில் வந்த பாடமோ, முழுத்தாள் ஒன்றில் அச்சிடுவதற்கென ஆயத்தஞ் செய்யப்பட்டது. அத்தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். கைப்பேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 65 மில்லிமீற்றர். அஃதாவது, பக்கம் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகின்றது. தாளில் 4 மில்லிமீற்றர் உயரமான எழுத்துத் திரையில் ஒன்றேகால் மில்லிமீற்றருக்கும் குறைகின்றது. அதன் தலையிலுள்ள புள்ளியின் கதி யாதாகும்? விரலால் விரித்துப் பெரிதாக்கலாமே என்று கேட்கலாம். விரித்தால் வரியின் பாதி திரைக்கு வெளியே ஓடிவிடுகின்றது. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளி, எந்த வரியில் நின்றோம் என்பதைக் குழந்தை மறந்துவிடுகின்றது. எழுத்துக் கூட்டுவதற்கே முழு மனத்தையும் செலவிடும் பிள்ளைக்கு வரி தேடும் வேலையும் சேர்ந்தால் அது எவ்வாறு தாங்கும்?

இது தமிழ்ப் பிள்ளைக்குச் சற்றுக் கூடுதலான தொல்லை. நம் மொழியின் எழுத்துகள் 247 என்கின்றோம். ஆயினும் அவற்றுட் பலவற்றை வேறுபடுத்துவது ஒரு புள்ளி, ஒரு சுழி, ஒரு வால் மட்டுமே. ரகரத்துக்கும் காலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு அடியிலுள்ள சிறு வால்தான். அது மங்கினால் "பரல்" பாலாகும், "கரடி" காடியாகும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் வேறுபாடு ஒரு சுழி. அது மங்கினால் மழை பேயாகும். "எடு" என்பதற்கும் "ஏடு" என்பதற்கும் வேறுபாடு அடிக்கோட்டின் ஒரு சாய்வு. "ஔ" என்னும் உயிரெழுத்தையும் "ஒ", "ள" என்னும் ஈரெழுத்துகளையும் வேறாகக் காட்டாத அச்சுகள் இன்றும் உண்டு. வளர்ந்தவர்களாகிய நாம் இவற்றைக் கண்ணாற் படிப்பதில்லை. சொல்லை முன்னரே அறிந்திருப்பதனால் மனத்தாற் படித்துவிடுகின்றோம். குழந்தைக்கு அந்தக் கைமுதல் இல்லை. அதற்குக் கண்ணொன்றே துணை.

நம் முன்னோரும் இத்தொல்லையை அறிந்திருந்தனர். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி ஏட்டிலே புள்ளியிடாமல் எழுதினர் என்பர். கற்றோர் அதனை இடமறிந்து படித்துக்கொண்டனர். எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் இன்று நாம் எழுதும் முறையில் வேறுபடுத்தி வழங்கச் செய்தவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், செருமனி நாட்டு ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தபொழுது, அவை பெரியனவாயிருந்து காகிதத்தை விழுங்கின. ஆதலால் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். எழுத்துச் சிறுத்ததற்குக் காகிதமே காரணமாயிருந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும். 1988இல் நாம் ஒரு தாளில் மூன்று பாடங்களை நெருக்கியதற்கும் காரணம் அதுவே.

பின்னர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளின் படிக்கு ஏற்பப் பாலபாடங்களை வகுத்து அச்சிட்டார். பிள்ளைக்கென்று தனியே ஒரு பக்கம் வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1978இல் தமிழ்நாட்டு அரசாங்கம் "லை", "ணை", "னா" முதலிய பதின்மூன்று எழுத்துகளைச் சீர்திருத்தியது. நாம் சிறுவயதில் மலை என்று எழுதும்பொழுது லகரத்தின் தலையிலே யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு போட்டோம். தேயிலை, தலவாக்கலை, கொட்டகலை, லிந்துலை என்று நம் வாழ்வின் பெயர்கள் யாவும் அந்தத் துதிக்கையோடுதான் இருந்தன. இன்றைய பிள்ளைகளுக்கு அத்தொல்லை இல்லை. எழுத்தை மாற்றலாம் என்பதற்கு இதுவே சான்று; மாற்றினால் மொழி அழிந்துவிடவில்லை.

மறுநாள் நாம் தோட்டத்துச் சந்தியிலுள்ள கொமியுனிகேஷன் கடைக்குச் சென்றோம். கடையை நடத்தும் இளைஞர் நம் பழைய மாணவர். பாடத்தைப் பெரிய எழுத்தில் மீண்டும் அடித்துத் தருமாறு கேட்டோம். அவர் தமக்குப் பழக்கமான பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினார். பாட்டியின் கைப்பேசியில் அது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறி வந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் உருவங்களை ஏற்றி வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் முகமூடி கழன்றுவிடும். யுனிகோட் முறையிலோ தமிழுக்கென உலகம் ஒப்புக்கொண்ட தனியிடம் உண்டு. அதில் அடித்தால் எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தோன்றும். நம் நாட்டிலும் 2008இல் இதற்கெனத் தமிழ் நியமம் ஒன்று வெளியாயிற்று. யுனிகோட்டில் அடித்த பாடத்துக்கு மற்றுமொரு நன்மை உண்டு. படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்பினால், பெரிதாக்கும்பொழுது வரி வெளியே ஓடாமல் திரைக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும்.

இளைஞருக்கும் ஆர்வம் பிறந்துவிட்டது. விண்டோஸ் கணினியோடு வரும் லதா, நிர்மலா, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் முதலியவற்றையும், வேறு சில அலங்கார எழுத்துகளையும் கொண்டு ஒரே பாடத்தைப் பலவிதமாக ஆக்கினார். மழை விட்ட மாலைகளில் கோயில் முன்றிலில் ஆறேழு பிள்ளைகளை இடைவெளி விட்டு அமரவைத்துப் படிக்கச் சொன்னோம். இதனை ஆராய்ச்சி என்று கூறத் துணியோம். தவறு எங்கே நேர்கின்றது என்று பென்சிலாற் குறித்துக்கொண்டோம்; அவ்வளவே.

முதலிற் கண்டது, பிள்ளைக்குப் பிடித்த எழுத்து வேறு, படிப்பதற்கு எளிய எழுத்து வேறு என்பது. உருண்டு தடித்த வேடிக்கை எழுத்தைக் கண்டதும் எல்லாரும் கைகொட்டினர்; ஆனால் அதிலே சுழிகளின் உட்புறம் அடைபட்டுவிட்டதால் பிழைகள் மலிந்தன. தலைப்புக்கு அது அழகு, பாடத்துக்கு ஆகாது. கோடு ஒரே தடிப்பாயும், சுழிகள் திறந்தும், புள்ளி எழுத்தைத் தொடாமல் தனித்தும், ரகரத்தின் வால் தெளிவாயும் உள்ள எளிய எழுத்தே வென்றது. பழைய அச்சுகளில் "ர்", "ரி" ஆகியவற்றை வாலின்றிக் கால் போலவே அச்சிடுவதுண்டு. அத்தகைய எழுத்துருவைக் குழந்தைக்குத் தவிர்ப்பது நலம்.

இரண்டாவது, எழுத்தைவிட இடைவெளி பெரிது என்பது. 2012இல் இத்தாலியிலும் பிரான்சிலும், படிப்பதிற் பிறவியிலேயே இடர்ப்படும் பிள்ளைகளிடம் ஆராய்ந்தவர்கள், எழுத்துகளுக்கு இடையே வெளியைக் கூட்டியவுடன் அவர்கள் விரைந்தும் பிழை குறைந்தும் படித்ததைக் கண்டனர். நெருங்கி நிற்கும் எழுத்துகள் ஒன்றையொன்று மறைத்துக் கண்ணை மயக்குகின்றன என்பது அறிஞர் முடிபு. ஆயினும் தமிழில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பாமினி போன்ற எழுத்துருவில் இடைவெளியைக் கூட்டினால் "கொ" என்பதில் கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமும் பிரிந்து போய்விடும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே வெளி வேண்டும். எழுத்தின் உறுப்புகளுக்கு நடுவே ஆகாது.

மூன்றாவது, வரியைப் பற்றியது. பத்திரிகைப் பத்திபோல் இருபுறமும் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று வரியை இழுத்தால், ஒடுங்கிய திரையில் சொற்களுக்கு நடுவே பெரும் பள்ளங்கள் விழுகின்றன. இடப்புறம் ஒழுங்காயிருந்தாற் போதும். ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள். ஒரு சொல்லும் வரிமுனையில் முறியலாகாது. நம் மொழியிலே சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்வன ஆதலால், தொடக்கப் பாடத்துக்குக் குறுஞ்சொற்களையே தேர்ந்தெடுக்கவேண்டும். வரிகளுக்கிடையே ஒரு விரல் நுழையுமளவு வெளி இருந்தால், பிள்ளை விரல்வைத்துப் படிக்கும்பொழுது கீழ்வரி மறையாது. எழுத்தின் பின்னே பூவும் பட்டாம்பூச்சியும் வரைவது அழகென்று நாமும் எண்ணியிருந்தோம். பட்டாம்பூச்சியின் கண் புள்ளியாகிவிடுகின்றது என்று ஒரு சிறுவன் காட்டியபின் அதனை விட்டோம். படத்தை மேலேயும் எழுத்தைக் கீழேயும் தனித்தனியே வைத்தோம். லயத்து இருளில் வெள்ளைத் திரை கண்ணைக் கூசச் செய்யும். ஒளியைக் குறைத்து, இளமஞ்சள் தளத்தில் கருமையான எழுத்தை வைப்பது இதமாயிருந்தது.

தாளிலே வெற்றிடம் செலவு. திரையிலோ வெற்றிடத்துக்கு விலையில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரே வாக்கியம் என்று வைத்தாலும் எவருக்கும் நட்டமில்லை. தரங்கம்பாடி முதல் நம் ரோனியோத் தாள் வரை எழுத்தை நெருக்கிய காரணம் இங்கே இல்லாதிருக்க, தாளின் நெருக்கத்தை மட்டும் திரைக்குள் கொண்டுவந்து அடைப்பானேன்? 2022இல் நாட்டிற் காகிதமின்றி மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலே பாடநூல்கள் கிடைக்கின்றன. நூலகம் தளத்திலே பழைய நூல்கள் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரிலே படிநிலை பிரித்த தமிழ்க் கதைகள் கிடைக்கின்றன. இவையெல்லாம் பெருஞ்செல்வமே. எனினும் மலைநாட்டுப் பிள்ளை இவற்றைப் பெரும்பாலும் தாயின் கைப்பேசியிலேதான் காணும் என்பதை, பக்கம் அமைப்போர் நினைவிற் கொள்ளவேண்டும்.

தாய்மாருக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளை திரையிற் படிக்கத் தடுமாறினால், அதே பாடத்தைப் பழைய நாட்காட்டியின் முதுகில் மார்க்கர் பேனையாற் பெரிதாக எழுதிப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். அதிலே படித்துவிட்டால் குறை பாடத்தின் உருவத்தில் இருக்கின்றது. தூரத்து எழுத்து மட்டும் தெரியாவிட்டால் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். பெரிய எழுத்திலும், அருகிலும், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும் தடுமாற்றம் தீராவிட்டால், அதற்கென விசேட பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கின்றனர். தீர்ப்புச் சொல்வது எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கட்டும்.

பின்னர் ஒரு தைப்பொங்கலுக்கு அச்சிறுமியின் தந்தை கொழும்பிலிருந்து வந்திருந்தார். கரும்பும் இனிப்பும் கொண்டு நம் வீட்டுக்கும் வந்தார். நாற்பது வயதாகியும் நம் முன்னே அமரத் தயங்கி நின்றார். மகள் தன் கைப்பேசியைத் திறந்து, ஒரு திரைக்கு ஒரு வாக்கியமாக, கரடியின் கதையைத் தடையின்றிப் படித்துக் காட்டினாள். அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பெரிய எழுத்தில் "கல்" என்றிருந்த இடத்தில், லகரத்தின் மேலே தனித்து நின்ற அந்தக் கருவட்டத்தை விரலால் தொட்டார்.

"சேர், இந்தப் புள்ளி அப்பவும் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நாம் கொடுத்த தாளில் இருக்கவில்லை, தம்பி. தவறு எம்முடையது" என்றோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து மகளின் அருகே அமர்ந்து, "முதல்லேருந்து காட்டு, பாப்பா" என்றார். அவள் மெல்லப் பக்கத்தைத் திருப்பிக் கரடிக் கதையின் முதல் வாக்கியத்துக்கு வந்தாள். தந்தை எழுத்தின்மேல் விரலை வைத்தார்.